துவாஸும் மூன்று கேமராக்களும்

துவாஸ் முழுக்கக் கோடுகள்தான். தகரக் கூரையின் நெளிவுகள், கன்டெய்னர் பக்கவாட்டின் மடிப்புகள், கம்பி வேலி, கப்பலைச் சுற்றிக் கட்டிய ஸ்டேஜிங் சாரக் குழாய்கள், டார்மிட்டரி ஜன்னல் வரிசைகள், அந்த ஜன்னல்களில் காயும் கட்டம் போட்ட கைலிகள். துவாஸ் லிங்க் வரை எம்ஆர்டி வந்தது 2017-இல். நான் சொல்லும் காலத்தில் ரயில் ஜூ கூனோடு நின்றுவிடும். அதற்கப்பால் பஸ், இல்லையென்றால் கம்பெனி லாரி. எந்தப் பக்கம் திரும்பினாலும் இரும்பும் தகரமும் வரி வரியாக ஓடும். 2008-இல் வீடியோ எடுக்கத் தொடங்கிய டிஎஸ்எல்ஆர் கேமராக்களுக்கு இதைவிடக் கடினமான பரீட்சை வைக்கிற இடம் சிங்கப்பூரில் வேறு இல்லை என்பது என் எண்ணம். அந்தப் பரீட்சையை நானே வைத்துப் பார்த்தேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2011-இல் நான் அங்கே ஒரு கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் க்யூசி என்ற தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் போட்டுக் காட்டும் பாதுகாப்புப் படம் ஆங்கிலத்தில் இருந்தது, அடியில் எழுத்து ஓடும். சிவகங்கை, புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து முந்தின நாள் வந்து இறங்கி, தூக்கம் தெளியாத கண்ணோடு உட்கார்ந்திருக்கும் பையனுக்கு அதில் பாதிகூடப் போய்ச் சேராது. தமிழிலேயே ஒன்று எடுக்கலாம் என்று சேஃப்டி பிரிவில் முடிவானது. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். உயரத்தில் வேலை, டாங்க்குக்குள் வேலை, வெல்டிங் நடக்கும் இடத்தில் கவனிக்க வேண்டியவை என்று மூன்று பகுதிகள். எனக்கு அது பெரிய பொறுப்பாகத் தெரிந்தது. குறும்படத்தில் ஒரு ஷாட் சரியில்லை என்றால் பார்க்கிறவர்கள் கொட்டாவி விடுவார்கள். இதில் ஒரு ஷாட் சரியில்லை என்றால் யாராவது ஒருவன் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொள்ளாமலே ஸ்டேஜிங்கில் ஏறுவான்.

அந்த ஆண்டுகளின் உற்சாகத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2008 ஆகஸ்டில் நிக்கான் டி90 வந்தது, வீடியோ எடுக்கும் முதல் டிஎஸ்எல்ஆர் அதுதான். அடுத்த மாதமே கேனான் 5டி மார்க் 2 அறிவிக்கப்பட்டது. முழு அளவு சென்சார், 1080 வரி வீடியோ. வின்சென்ட் லஃபோரே அதில் எடுத்த 'ரெவெரி' என்ற குறும்படத்தைப் பார்த்துவிட்டு உலகம் முழுக்க எங்களைப் போன்றவர்களுக்குத் தூக்கம் போனது. 2010-இல் 'ஹவுஸ்' என்ற அமெரிக்கத் தொடரின் ஒரு எபிசோடையே 5டி மார்க் 2-வில் எடுத்தார்கள். 2011-இல் அமோல் குப்தேயின் 'ஸ்டான்லி கா டப்பா', மலையாளத்தில் 'சாப்பா குரிசு', அடுத்த ஆண்டு தமிழில் பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' ஆகியவை டிஎஸ்எல்ஆரிலேயே எடுக்கப்பட்டு தியேட்டருக்கே வந்தன. சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கக்கூடிய ஒரு கேமராவில் சினிமா எடுக்கலாம் என்பது அதுவரை எங்கள் யாருக்கும் கிடைக்காத வாய்ப்பு. தேக்காவில் சாப்பிட்டுவிட்டு சிம் லிம் ஸ்கொயர் வரை நடந்துபோய்க் கண்ணாடிக்கு வெளியே நின்று லென்ஸ் விலை பார்த்துத் திரும்புவது பல பேருக்கு ஞாயிற்றுக்கிழமை வழக்கமாகவே ஆகிவிட்டது.

பாதுகாப்புப் படத்துக்கு மூன்று கேமராக்கள் கிடைத்தன. என்னிடம் இருந்தது கேனான் 550டி. ஜூரோங் வெஸ்ட்டில் குடியிருந்த, கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணன் ஒருவர் தன் 5டி மார்க் 2-வைக் கொடுத்துதவினார். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர், வேலையில் கறார். மூன்றாவது, டிசைன் பிரிவில் இருந்த சீன நண்பரின் பானசோனிக் ஜிஎச்2. அதில் கண்ணாடி கிடையாது, ஆகவே அது எஸ்எல்ஆர் என்ற கணக்கில் வராது. ஆனால் அன்று டிஎஸ்எல்ஆர் வீடியோ என்று பேசிய எல்லாரும் அதையும் சேர்த்தேதான் பேசினார்கள். யார்டுக்குள் கேமரா கொண்டுபோக வாசலில் பெர்மிட் வேண்டும். டாங்க்குக்குள் என்றால் வாயுச் சோதனை முடிந்து ஆபத்தில்லை என்று எழுதிக் கொடுத்த பிறகுதான். பேட்டரியால் ஓடும் எந்தப் பொருளும் அங்கே சந்தேகத்துக்குரியது. அதனால் ஒவ்வொரு ஷாட்டையும் முன்கூட்டியே யோசித்துவிட்டுத்தான் உள்ளே போக முடிந்தது.

உயரத்தில் வேலை பற்றிய பகுதிக்கு எனக்குள் ஒரே ஒரு ஷாட் தெளிவாக இருந்தது. இரும்பு நடைபாதையில் கிரேட்டிங் பலகைகள் வரிசையாகப் போட்டிருக்கும். பட்டைக் கம்பிகள் முப்பது மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கும், நடுநடுவே குறுக்குக் கம்பி. பைப் இறக்கவோ வேறு எதற்கோ ஒரு பலகையைக் கழற்றுவார்கள். கழற்றினால் சுற்றிலும் தடுப்புக் கட்ட வேண்டும். கட்டாமல் போய்விட்டால் அதில் கால் வைக்கிறவன் கீழ்த்தளத்தில் கிடப்பான். இதில் கண் ஏமாறுவதற்குக் காரணம் உண்டு. கீழ்த்தளத்திலும் அதே கிரேட்டிங்தான். ஓட்டை வழியாகத் தெரிவது கறுப்புப் பள்ளம் அல்ல, நான்கு மீட்டர் கீழே இருக்கும் இன்னொரு கிரேட்டிங். அவசரமாக நடக்கிறவன் அதையே தரை என்று நினைப்பான். இதை வாயால் சொல்லாமல் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மேலே பதினைந்து மீட்டர் உயரத்திலிருந்து முழு நடைபாதையும் ஒரே ஃபிரேமில், அசையாமல், சில விநாடிகள். பார்க்கிறவனே தேடி அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஓட்டைக்கு அடியில் வலை கட்டி, ஆட்களை நிறுத்தி, முதலில் 550டி-யில் எடுத்தோம். கேமராவின் சின்னத் திரையில் எதுவும் தெரியவில்லை. சைட் ஆபீஸில் லேப்டாப்பில் போட்டதும்தான் விஷயம் புரிந்தது. நடைபாதை முழுக்க ஊதாவும் பச்சையும் கலந்த பட்டைகள், வளைந்து வளைந்து, பெட்ரோல் சிந்திய தண்ணீர் மாதிரி. காற்றில் ஸ்டேஜிங் லேசாக ஆடியபோது அந்தப் பட்டைகள் நடைபாதையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஊர்ந்தன. கிரேட்டிங் இருக்கும் இடத்திலும் பட்டை, ஓட்டை வழியாகத் தெரியும் கீழ்க் கிரேட்டிங்கிலும் பட்டை. ஓட்டை எங்கே என்று எனக்கே தேட வேண்டியிருந்தது, இத்தனைக்கும் பலகையைக் கழற்றும்போது பக்கத்தில் நின்றவன் நான். 5டி மார்க் 2-வில் எடுத்ததும் ஏறக்குறைய அப்படியே. நிறம் அழகாக இருந்தது, நிழல் ஆழமாக இருந்தது, நடைபாதை மட்டும் பொய்யாக இருந்தது. சீன நண்பர் ஜிஎச்2-வை அதே இடத்தில் வைத்து அதே அகலத்தில் எடுத்தார். கம்பிகள் கம்பிகளாக இருந்தன. வரிசையில் ஐந்தாவது பலகை இல்லை என்பது முதல் பார்வையிலேயே தெரிந்தது.

ஊர்ந்த அந்தப் பட்டைகளைத்தான் மோரே என்கிறார்கள். கேமராவுக்குள் மட்டும் நடக்கிற அதிசயமில்லை இது. மேலும் கீழும் இரண்டு கிரேட்டிங்குகளை ஒன்றாகப் பார்க்கும்போது வெறுங்கண்ணுக்கே நிழல் பட்டைகள் தெரியும். ஏறக்குறைய ஒரே இடைவெளி கொண்ட இரண்டு வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது, இரண்டிலும் இல்லாத மூன்றாவது வடிவம் பிறக்கிறது. கேமராவில் ஒரு வரிசை எதிரே இருக்கும் கம்பி, மற்றொன்று சென்சாரின் புள்ளிகள்.

அப்படியானால் அதே 5டி மார்க் 2 போட்டோ எடுக்கும்போது ஏன் இந்தச் சிக்கல் இல்லை? அதன் சென்சாரில் குறுக்கே 5616 புள்ளிகள், நெடுக்கே 3744. மொத்தம் 2 கோடியே 10 லட்சம். போட்டோவுக்கு எல்லாவற்றையும் படிக்கிறது, அதற்கு அவகாசமும் இருக்கிறது. வீடியோவுக்கு விநாடிக்கு 25 அல்லது 30 முறை படிக்க வேண்டும். அன்றைய சில்லுகளால் அது முடியாது. அதனால் மூன்று வரிசைக்கு ஒரு வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு நடுவில் இரண்டை விட்டுவிடுகிறது. விட்ட இடத்தில் விழுந்த கம்பி அதற்கு இல்லாத கம்பி. நிறம் ஏன் வருகிறது என்றால், கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பில்தான் இன்னமும் பெரும்பாலான சென்சார்கள் இருக்கின்றன. ஒரு வரிசையில் பச்சையும் சிவப்பும், அடுத்த வரிசையில் பச்சையும் நீலமும். மூன்றுக்கு ஒன்றாக எடுத்தாலும் சிவப்பு வரிசையும் நீல வரிசையும் மாறி மாறித்தான் கிடைக்கும். ஆனால் ஒரு சிவப்பு வரிசைக்கும் அடுத்த சிவப்பு வரிசைக்கும் நடுவே இப்போது ஆறு வரிசை தூரம். சிவப்பு ஓரிடத்தில் கம்பியைப் பார்க்கிறது, நீலம் வேறிடத்தில் இடைவெளியைப் பார்க்கிறது. சாம்பல் நிறக் கம்பியில் வானவில் வருவது இப்படித்தான்.

சென்சாருக்கு முன்னால் ஒளியைக் கொஞ்சம் பரத்தி அனுப்பும் மெல்லிய வடிகட்டி ஒன்று உண்டு. மோரேவைத் தடுக்கத்தான் அதை வைக்கிறார்கள். ஆனால் அது போட்டோவின் நெருக்கமான புள்ளிகளுக்கு அளவெடுத்தது. வீடியோவில் புள்ளிகளின் இடைவெளி மூன்று மடங்கு ஆனபோது அது போதவில்லை. ஜிஎச்2 சென்சாரை இன்னும் நிறைவாகப் படித்து, பிறகு 1080 வரிக்குச் சுருக்கியது. அதன் சென்சார் 5டி மார்க் 2-வினுடையதில் நான்கில் ஒரு பங்கு பரப்புதான். ஆனாலும் கிரேட்டிங்கில் அதுதான் ஜெயித்தது.

அடுத்தது பேட்டி. வேலையில் பழுத்த ரிக்கர் ஒருவர், புதுக்கோட்டைக்காரர், ஹார்னஸ் கொக்கியை எங்கே மாட்ட வேண்டும், எங்கே மாட்டக்கூடாது என்று தன் பாணியில் சொல்ல ஒத்துக்கொண்டார். ஓவராலுக்கு மேல் வலைத்துணி வெஸ்ட். 5டி மார்க் 2, 50 மில்லிமீட்டர் லென்ஸ், இரண்டு மீட்டர் தூரம். மார்பளவில் ஒருவரை எடுக்க எல்லாரும் நிற்கும் இடம் அது. அந்த இடத்தில் ஃபிரேமின் அகலம் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதை 1920-ஆல் வகுத்தால் ஒரு புள்ளிக்கு முக்கால் மில்லிமீட்டர். வெஸ்ட்டின் வலைக்கண் இரண்டரை, மூன்று மில்லிமீட்டர். சிவப்பும் நீலமும் ஒன்று விட்டு ஒன்றாகத்தான் கிடைக்கின்றன என்பதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால், மோரே வருவதற்கென்றே அளந்து வைத்த தூரம் அது. எடுத்ததைப் போட்டுக் காட்டியதும் அவர் சொன்னார்: "என்ன தம்பி, நெஞ்சுமேல ஏதோ நெளியுது? நான் சொல்றத எவன் கேப்பான், இதத்தான பாப்பான்?"

அவர் சொன்னதுதான் இந்த விஷயத்தின் சாரம். மனிதக் கண் அசைவைத் தேடிப் போகும். கொக்கி மாட்டும் கையைப் பார்க்க வேண்டிய நேரத்தில் பையனின் கண் வெஸ்ட்டில் ஊரும் பட்டையில் நிற்கும். கேமராக்களை ஒப்பிடுகிறவர்கள் சோதனை அட்டையைச் சுவரில் ஒட்டி, எத்தனை கோடு பிரிகிறது என்று எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கை எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு கேமராவின் பிழை ஃபிரேமில் எந்த இடத்தில் விழுகிறது, அங்கே பார்க்கிறவனுக்கு என்ன வேலை இருக்கிறது என்பதை எந்த அட்டையும் சொல்லாது.

அந்தப் பேட்டிக்குத் தீர்வு எளிதாகவே கிடைத்தது. அரை மீட்டர் முன்னால் போய், வலைக்கண் ஃபிரேமில் பெரிதாகும்படி நெருங்கி, அப்பர்ச்சரை நன்றாகத் திறந்து, ஃபோகஸைக் கண்ணில் வைத்தோம். மார்பு லேசாக மங்கியது. மங்கிய துணியில் மோரே பிறக்காது. அன்று பலரும் டிஎஸ்எல்ஆரில் பின்னணியை மங்க வைத்தே எடுத்ததற்கு அழகு மட்டும் காரணமில்லை என்பது அந்த வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் கிரேட்டிங் ஷாட்டுக்கு இந்த வழி உதவாது. முழு நடைபாதையும் தெளிவாகத் தெரிவதுதான் அந்த ஷாட்டின் நோக்கமே. பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் நிறத்தை மட்டும் தனியாக மங்க வைத்தால் வானவில் போய்விடும். சாம்பல் பட்டைகள் ஊர்வது போகாது. மொசைக் இன்ஜினியரிங் என்ற நிறுவனம் 5டி மார்க் 2-வின் உள்ளே பொருத்தும் வடிகட்டி ஒன்றை அப்போது விற்கத் தொடங்கியிருந்தது. வீடியோவின் இடைவெளிக்கு ஏற்ற வடிகட்டி, நல்ல வேலைப்பாடு. அதைப் போட்டுக்கொண்டு நல்ல போட்டோ எடுக்க முடியாது என்பதால், கல்யாண மண்டபத்தில் ஒரே கேமராவில் இரண்டும் எடுக்கும் அண்ணனுக்கு அது ஒத்துவரவில்லை.

இதை வைத்து ஜிஎச்2-தான் சிறந்த கேமரா என்று சொல்லிவிட முடியாது. டாங்க்குக்குள் இறங்கியபோது நிலைமை தலைகீழ். தொங்கும் விளக்குகள் சில, துருப்பிடித்த சுவர், வியர்வையில் மினுங்கும் கறுத்த முகங்கள். ஜிஎச்2-வில் அந்த முகங்களில் மணல் தூவியது போல இரைச்சல் ஏறியது. நிழலில் இருந்த பாதி முகம் காணாமலே போனது. 5டி மார்க் 2 அதே வெளிச்சத்தில் முகத்தின் மறுபாதியையும், கண்ணுக்குக் கீழே இருக்கும் சுருக்கத்தையும் காட்டியது. நம் ஆட்களின் தோல் நிறத்தை அவ்வளவு மரியாதையாகக் காட்டிய கேமராவை அதுவரை நான் தொட்டதில்லை. அந்தப் பகுதி முழுவதையும் அதில்தான் எடுத்தோம். அங்கே வரி வரியாக எதுவும் இல்லை, மோரேவுக்கும் வேலை இல்லை. வெல்டிங் பகுதியில் மூன்று கேமராக்களுமே தடுமாறின. சென்சார் மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதால், ஆர்க் மினுங்கும்போது ஃபிரேமின் பாதி வெளுத்து பாதி இருண்டது. வேலை நடக்கும் இடத்தைத் தள்ளி வைத்து எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஃப்ளோரசன்ட் விளக்கால் மட்டும் தொல்லை இல்லை. சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஷட்டரை விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கில் வைத்தால் போதும். அதற்குப் பொருந்தும்படி விநாடிக்கு 25 ஃபிரேம் எடுக்கும் வசதியை 5டி மார்க் 2-வுக்கு 2010 மார்ச்சில்தான் கொடுத்திருந்தார்கள்.

படம் தயாரானதும் முதல் பேட்ச்சுக்குப் போட்டபோது பின்வரிசையில் நின்றிருந்தேன். கிரேட்டிங் ஷாட்டில் குரல் எதையும் சேர்க்கவில்லை. இரண்டு மூன்று விநாடிகள் அமைதி. பிறகு முன்பெஞ்சில் ஒரு பையன் பக்கத்தில் இருந்தவனிடம், "அங்க ஒரு பலகை இல்லடா" என்றான். எனக்கு அது போதுமாக இருந்தது.

2012 மார்ச்சில் 5டி மார்க் 3 வந்தது. குறுக்கே 5760 புள்ளிகள். மூன்றால் வகுத்தால் சரியாக 1920. இந்த முறை நடுவில் இருந்த புள்ளிகளை விடவில்லை, சேர்த்து எடுத்து ஒன்றாக்கினார்கள். அண்ணன் வாங்கியதும் என்னைக் கூப்பிட்டார். சிராங்கூன் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மாடியில் இருந்து எதிர்வரிசைக் கடைகளின் ஓட்டுக் கூரையையும் மர ஜன்னல் பலகைகளையும் இரண்டு கேமராவிலும் எடுத்தோம். பழையதில் ஓடுகள் மின்னின, ஜன்னல் பலகைகளில் பட்டை ஊர்ந்தது. புதியதில் அடங்கி, சற்று மழுங்கலாக இருந்தது.

"பழசுதான் ஷார்ப்பா இருக்கு தம்பி. சம்பந்தி வீட்டுக்காரங்க ஜரிகைய எண்ணிப் பாப்பாங்க. நான் என்ன சொல்றது?" என்றார்.

"அது ஜரிகை இல்லண்ணே. கேமராவா போட்டுக்கிட்ட கோடு" என்றேன்.

நிறுத்தி, பெரிதாக்கி, ஒரு ஜன்னலில் எத்தனை பலகைகள் என்று இரண்டிலும் எண்ணினோம். நேரில் போய் நின்றும் எண்ணினோம். புதிய கேமராவின் மழுங்கலான படத்தில் எண்ணிக்கை சரியாக இருந்தது. பழையதில் தெரிந்த கோடுகள் அங்கே இருந்த பலகைகளைவிடக் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் தடிமனாக, அழுத்தமாக நின்றது. அந்த அழுத்தத்தைத்தான் நாங்கள் இரண்டு மூன்று வருடமாகக் கூர்மை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். மழுங்கலாக வந்தாலும் உண்மையாக வந்த படத்தை எடிட்டிங்கில் கூர்மைப்படுத்தலாம். பொய்யாக வந்த கோட்டை எந்த மென்பொருளாலும் முழுதாக எடுக்க முடியாது. அண்ணன் அன்றைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த தீபாவளி சீசனில் பழையதை விற்றுவிட்டார்.

இன்றைய கேமராக்கள் பெரும்பாலும் முழுச் சென்சாரையும் படித்து, அதிலிருந்து 4கே-வுக்குச் சுருக்குகின்றன. பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று இளைஞர்கள் சொல்லும்போது நான் முழுதாகத் தலையாட்டுவதில்லை. 2012-இல் நிக்கான் டி800ஈ-யில் வடிகட்டியின் வேலையைச் செல்லாததாக்கினார்கள். 2013-இல் டி7100-இல் அதை எடுத்தே விட்டார்கள். போட்டோவின் கூர்மைக்காக அதற்குப் பிறகு வந்த பல கேமராக்களிலும் அது இல்லை. வேகமாக எடுக்கும் ஸ்லோமோஷன் மோடுக்கு மாறினால், இன்றும் சில கேமராக்கள் பழையபடி வரிசைகளை விட்டுவிட்டுத்தான் படிக்கின்றன.

அதனால் கேமரா வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒரு வலைத்துணி வெஸ்ட்டைப் பையில் எடுத்துப் போங்கள், சில வெள்ளிக்குக் கிடைக்கும். கூட வரும் நண்பரைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, கடை வாசலில் வெளிச்சத்தில் நிறுத்தி, ஒரு மீட்டர் தூரத்திலிருந்து வீடியோவை ஓடவிட்டுக்கொண்டே மெதுவாகப் பின்னால் நடங்கள். நீங்கள் உண்மையில் எடுக்கப்போகும் மோடிலேயே எடுங்கள். கேமராத் திரையில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். எடுத்த வீடியோவை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெரிய திரையில், முழு அளவில் பாருங்கள். பட்டை எந்தத் தூரத்தில் தொடங்கி எந்தத் தூரத்தில் மறைகிறது என்று குறித்துக்கொண்டு, அந்தத் தூரத்தில்தான் உங்கள் வேலை நடக்கும் என்றால் வேறு கேமரா பாருங்கள்.